ஏழாம் வீட்டில் சிலந்தி ஒழிப்பு: நாள்வாரி விவரம்

மார்ச் 3, செவ்வாய். 07.10

காற்றழுத்தம் சரி. வெப்பம் 22. ஈரப்பதம் 48. கரியமில வாயு 0.3. தண்ணீர்த் தொட்டி முக்கால். கீரைத் தட்டுகளுக்கு நீர் விட்டாயிற்று.

சமையல் மேடைக்கு மேலே, வலது மூலையில், ஒரு சிலந்தி.

07.40

இந்தக் குறிப்பேடு எனக்கானதல்ல. எனக்குப் பிறகு இந்த வீட்டுக்கு வருபவருக்கு. ஆகவே முறைப்படி தொடங்குகிறேன்.

என் பெயர் எமரென்சியா செல்வநாதன். வயது எழுபத்தொன்று. நிலவுக் குடியிருப்பின் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது ஆண்டுகள் பணி. கடைசி ஆறு ஆண்டுகள் அதன் தலைவர். என் கணவர் வில்ஃபிரட், இந்த வீடுகளைக் கட்டிய பொறியாளர்களில் ஒருவர். பதினான்கு மாதங்களுக்கு முன் காலமானார். அவர் கேட்டுக்கொண்டபடி வெளியே புதைத்தோம். சாப்பாட்டு மேசை ஜன்னலுக்கு நேராக, முப்பது அடி தள்ளி ஒரு மேடு தெரியும். அதுதான்.

பள்ளத்தின் விளிம்பில் மொத்தம் ஏழு வீடுகள். ஆறு காலி. நடு நிலையம் இங்கிருந்து வண்டியில் நான்கு மணி நேரம். காலை ஒன்பது மணிக்கு ஒரு முறை அழைப்பார்கள்.

09.00 (ஒலிப்பதிவிலிருந்து)

"நடு நிலையம், கோமதிநாயகம் பேசுதேன். ஏழாம் வீடு, சௌக்கியமா மேடம்?"

"சௌக்கியம். கடிதம் வந்தது. படிச்சேன்."

"வந்துட்டா? நானே சொல்லணும்னு நெனச்சேன். மூணாம் வீட்டுல காத்துக்குழாய் பூரா வலை அடைச்சுட்டு மேடம். அதுலருந்து மேலிடத்துல ஒரே கெடுபிடி. இருபத்துநாலாம் தேதி சோதனைக்கு ஆள் வருது. சிலந்தி, வலை, முட்டைப் பை. மூணுல ஒண்ணு இருந்தாலும் வீட்டை மூடிருவாக."

"மூடினா நான் எங்கே போறது?"

"இங்கதான், முதியோர் கூடத்துக்கு. நல்லாத்தான் மேடம் இருக்கு. சாயங்காலம் எல்லாரும் கேரம் ஆடுதாக."

"எனக்குக் கேரம் தெரியாது."

"சொல்லித் தருவாக."

"தெரிஞ்சுக்க விருப்பமில்லை, கோமதிநாயகம்."

"எங்க மாமியாருக்கு அடுத்தபடி நீங்கதான் மேடம். சரி, அங்க சிலந்தி இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. இருபத்துநாலாம் தேதி இருக்காது."

09.20

முதியோர் கூடத்தில் ஜன்னல் இல்லை. அது நிலத்துக்கு அடியில் இருக்கிறது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

மார்ச் 4, புதன். 08.00

அளவுகள் சரி. கரியமில வாயு 0.3, சமைத்த பின் 0.4, பிறகு மீண்டும் 0.3. காற்று இயந்திரத்தின் விசிறி இதை அளக்கும் மீட்டரைப் பார்த்துத்தான் ஓடும். அளவு கூடினால் வேகம் கூடும், குறைந்தால் குறையும். ஒரு சதவீதத்தைத் தாண்டினால் மணி அடிக்கும். இதுவரை அடித்ததில்லை.

கைவிளக்குடன் அறை அறையாகப் பார்த்தேன். ஒன்று என்று நேற்று சொன்னது தவறு. பதினொன்று. திருத்திக்கொள்கிறேன்.

உடல் கடுகளவு. கால்கள் நூல் போல நீளம். தொட்டால் வலையோடு சேர்ந்து நடுங்குகிறது. கடிக்காது. கீரைத் தட்டுக்காகப் பூமியிலிருந்து வரவழைத்த தென்னை நார்த்தூளில் வந்திருக்க வேண்டும். மூடிய காற்றில் மருந்து அடிக்க முடியாது. எனவே கைவேலைதான்.

முதல் விதி: மேலிருந்து கீழ். தடியில் ஈரத்துணியைச் சுற்றி, கூரையிலிருந்து தொடங்கி, சுவர், பிறகு தரை. இங்கே எடை ஆறில் ஒரு பங்கு. கலைத்த வலை கீழே விழ நேரமாகும். பொறுமையாக நின்று துணியில் பிடிக்க வேண்டும். நான் படித்த மரியன்னை கான்வென்டில் சனிக்கிழமைதோறும் சிஸ்டர் கொலும்பா வெள்ளைக் கைக்குட்டையால் பெஞ்சின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்ப்பார். மேற்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார்.

பதினொன்றில் ஒன்பது போயின.

மார்ச் 7, சனி. 16.00

இரண்டாம் விதி: வழிகளை அடைத்தல். குழாய்கள் சுவருக்குள் நுழையும் இடங்கள் பதினாறு. ஒவ்வொன்றையும் சுற்றி அடைப்புப் பசை தடவினேன். கதவின் அடியில் ரப்பர் பட்டை ஒட்டினேன். கட்டிலைச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி இழுத்தேன். இரண்டு பேருக்கான கட்டில். தனியாக இழுக்க நாற்பது நிமிடம்.

தவக்காலம். மதியம் கஞ்சி மட்டும்.

மார்ச் 10, செவ்வாய். 10.15

மேலிருந்து கீழ் என்று எழுதினேன். ஆனால் மேலே ஓரிடத்தைப் பார்க்கவில்லை. காற்று மீட்டர் கூடத்துக் கூரையை ஒட்டி இருக்கிறது. சோப்புப் பெட்டி அளவு. காற்று உள்ளே போக ஒரு சிறிய கம்பிவலை, அதன் மேல் நான்கு திருகாணி போட்ட மூடி. அதைச் சுற்றி மட்டும் ஏழு சிலந்திகள். அருகிலுள்ள காற்று இயந்திரத்தின் வாயில் இன்னும் ஐந்து.

வீட்டின் மற்ற இடமெல்லாம் கூடிப் பதினொன்று. இங்கே மட்டும் பன்னிரண்டு. காற்றோட்டம் பிடிக்கும் போலும்.

ஒரு தாய், முட்டைப் பையை வாயில் கவ்விக்கொண்டிருந்தது. துணி நெருங்கிய போதும் விடவில்லை. இருபது, முப்பது முட்டைகள் இருக்கும். இரண்டையும் சேர்த்துக் கொதிநீரில் போட்டேன். முட்டைப் பையை நசுக்கக் கூடாது, குஞ்சுகள் சிதறும். கொதிநீரே சரி.

பன்னிரண்டும் முடிந்தன.

மார்ச் 13, வெள்ளி. 11.00

மூன்றாம் விதி: ஒளிய இடம் தராதே. அட்டைப்பெட்டிகள்தான் முதல் எதிரி.

பெட்டி 1, 2: வரைபடங்கள். பெட்டி 3: செருப்பு, காலணி. பெட்டி 4: அவருடைய சட்டைகள், இருபத்திரண்டு. உதறிப் பார்த்தேன். சட்டைகளில் ஒன்றுமில்லை. பெட்டியின் மடிப்பில் ஒரு சிலந்தி.

நான்கு பெட்டிகளையும் கழிவு அறைக்கு அனுப்பிவிட்டேன். சட்டைகளைத் தனியே எடுத்துவைக்க பிளாஸ்டிக் பெட்டி இல்லை. அதனால் அவையும்.

மார்ச் 16, திங்கள். 09.00 (ஒலிப்பதிவிலிருந்து)

"ஏழாம் வீடு, போர் எப்படிப் போகுது மேடம்?"

"மூணு நாளா ஒண்ணுகூட இல்லை."

"ஒண்ணுகூடவா? பாவம், அதுகளும் குடும்பம் குட்டின்னு இருந்திருக்கும். ஒண்ணு ரெண்டுக்குப் பேராவது வச்சியளா?"

"கேலி பண்ணாதீங்க."

"கேலி இல்ல மேடம். எங்க ஆச்சி வீட்டுல பல்லியக்கூட அடிக்க விட மாட்டாக. அது பாட்டுக்கு ஒரு ஓரமாத் திங்கும்பாக."

"உங்க ஆச்சி வீட்டுக்குச் சோதனை வந்ததா?"

"இல்ல மேடம்."

"அப்ப பேசாதீங்க."

மார்ச் 21, சனி. 17.30

அளவுகள் சரி. கரியமில வாயு 0.3.

சிலந்தி இல்லை. வலை இல்லை. முட்டைப் பை இல்லை.

கீரைத் தட்டின் மேல் கொசுவில் பாதி அளவு கறுப்புப் பூச்சி. பறப்பதைவிட ஓடுவது அதிகம். ஆய்வுக்கூடத்தில் மண் ஈ என்போம். ஈரமான நார்த்தூளில் முட்டையிடும். பசை தடவிய மஞ்சள் அட்டை ஒன்று செருகிவைத்தேன்.

மார்ச் 24, செவ்வாய். 07.00

மஞ்சள் அட்டையில் மூன்று மண் ஈக்கள். அட்டையை எடுத்து மேசை இழுப்பறையில் வைத்தேன்.

14.00 (ஒலிப்பதிவிலிருந்து, பத்மாசினி என்ற சோதனை அதிகாரி இங்கே வந்து கேட்டது; கோமதிநாயகம் நிலையத்திலிருந்து வானொலியில்)

"மேடம், நான் கேக்கறதுக்கு ஆமா, இல்லைன்னு சொன்னா போதும். சிலந்தி?"

"இல்லை."

"வலை?"

"இல்லை."

"முட்டைப் பை?"

"இல்லை."

"நானும் எல்லா மூலையும் பாத்துட்டேன். கோமதி சார், கேக்குதா? எங்க வீட்டுக்கு வந்து ஒரு நாள் இருக்கச் சொல்லுங்க இவங்கள. இப்படி ஒரு சுத்தம் நான் பாத்ததே இல்லை."

"நாங்கதான் சொன்னோம்லா. அவுக தூசியவே பேரு சொல்லிக் கூப்பிட்டு வெளியேத்துவாக."

"மேடம், கடைசியா ஒண்ணு. மணி அடிச்சாலோ, நீங்க அவசர பட்டனை அழுத்தினாலோ, கூடத்துச் சுவர்ல இருக்கற இந்தக் கேமரா தானா ஆன் ஆகி நடு நிலையத்து திரையில நீங்க தெரிவீங்க. ஞாபகம் இருக்கட்டும்."

"எல்லாருக்குமா?"

"ஷிஃப்ட்ல யார் இருக்காங்களோ அவங்களுக்கு. ஏழெட்டுப் பேர் இருப்பாங்க. வீடு ஓகே. இன்னும் ஒரு வருஷத்துக்கு நீங்க இங்கேயே இருக்கலாம். ஆனா ஒண்ணு, நடுவுல ஒரு தடவை மணி அடிச்சாலும் கூட்டிட்டுப் போயிடுவோம். தனியா இருக்கறவங்களுக்கு அதான் ரூல்."

18.00

பூச்சி உண்டா என்று படிவத்தில் கேள்வி இல்லை. நான் பொய் சொல்லவில்லை. கேட்டதற்கு உண்மையைச் சொல், கேளாததற்கு வாய் திறவாதே என்றுதான் எங்களுக்குக் கற்பித்தார்கள். அப்படியே எழுபத்தொரு வயது வரை வந்துவிட்டேன்.

ஜன்னல் துடைத்தேன். மேடு தெளிவாகத் தெரிகிறது. மகிழ்ச்சி என்று எழுத வேண்டிய இடம் இது. அப்படி ஒன்றும் தோன்றவில்லை. துடைத்த துணியை அலசிப் போட்டேன்.

மார்ச் 28, சனி. 08.00

மண் ஈ: அட்டையில் அறுபதுக்கு மேல்.

நார்த்தூளைக் காயவிட்டால் புழுக்கள் சாகும். தட்டுகளுக்கு நீர் நிறுத்தினேன். கீரை போகும். போகட்டும்.

மார்ச் 30, திங்கள். 08.00

கீரை போய்விட்டது. மண் ஈ குறையவில்லை. காற்று இயந்திரத்தில் ஈரத்தை உறிஞ்சும் பஞ்சுத் தகடுகள் உண்டு. மூடியைத் திறந்தேன். ஈக்கள் அங்கேதான் பெருகுகின்றன. அந்த வாயிலிருந்துதான் வெளியே வருகின்றன.

மார்ச் 10 குறிப்பைத் திருத்துகிறேன். அந்தப் பன்னிரண்டு சிலந்திகளும் காற்றோட்டத்துக்காக அங்கே இருக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

அடுத்து வருபவருக்கு: சிலந்தியைக் கண்டால் முதலில் அது எதைத் தின்கிறது என்று பாருங்கள். அதை ஒழித்தால் சிலந்தி தானே போகும். நான் வரிசையை மாற்றிச் செய்துவிட்டேன். பத்தொன்பது ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் இருந்தவள் செய்யக் கூடாத தவறு.

தகடுகளை வெந்நீரில் அலசிப் போட்டேன். மாற்றுத் தகடு கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும். கேட்கவில்லை.

கரியமில வாயு 0.3.

ஏப்ரல் 1, புதன். 13.00

ஈக்கள் முகத்துக்கு வருகின்றன. கண், மூக்கு, உதடு. அவற்றுக்கு நம் மூச்சுதான் வழிகாட்டி. மூச்சுக்காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் பறக்கும். சாப்பிடும்போது இடது கையால் விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். சுவர்கள் கரும்புள்ளி வைத்தது போல.

விசிறியின் ஓசை குறைந்திருக்கிறது. மீட்டர் 0.3. காற்று நன்றாக இருப்பதால் மெதுவாக ஓடுகிறது.

ஏப்ரல் 2, பெரிய வியாழன். 09.00 (ஒலிப்பதிவிலிருந்து)

"மேடம், குரல் என்ன ஒரு மாதிரி இருக்கு?"

"தலைவலி. தவக்காலம் முடியப்போகுது, அதான். ஒரு நேரம்தான் சாப்பாடு."

"எழுபது வயசுக்கு மேல ஒருசந்தி இருக்க வேண்டாம்னு ஒங்க சாமியாரே சொல்லுவாகளே."

"சாமியார் சொல்றதை நான் கேக்கறதா இருந்தா இங்கே வந்திருக்கவே மாட்டேன்."

"அது சரி. நாளைக்குப் பெரிய வெள்ளி. போன வருஷம் மாதிரியே வானொலிய அணைச்சுருவியளா?"

"ஆமா. நாளைக்குக் காலையிலேருந்து ஞாயிறு வரைக்கும் மௌனம். கூப்பிடாதீங்க."

"கூப்பிட மாட்டோம். ஞாயித்துக்கிழமை ஒம்பது மணிக்குப் பேசுதேன். நீங்கதான் மொதல்ல ஹேப்பி ஈஸ்டர் சொல்லணும். போன தடவ நான் முந்திட்டேன்னு மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டீய."

"நான் முகத்தைத் தூக்கினதை வானொலியில எப்படிப் பாத்தீங்க?"

"கேட்டுச்சு மேடம்."

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி. 07.00

வானொலியை அணைத்தேன். தண்ணீர் மட்டும்.

காற்றழுத்தம் சரி. கரியமில வாயு 0.3.

15.00

மூன்று மணி செபம். முழந்தாளிட்டு எழுந்தபோது மூச்சு வாங்கியது. இங்கே எடை ஆறில் ஒரு பங்கு. மூச்சு வாங்கக் கூடாது. பட்டினி.

19.10

கரியமில வாயு 0.3.

தலைவலி இரண்டு கண்களுக்கும் பின்னால். எழுத்து கோடு தாண்டுகிறது. என் கையெழுத்துக்கு மன்னிக்கவும்.

ஏப்ரல் 4, சனி. 06.30

கரியமில வாயு 0.3. காற்றழுத்தம் சரி. கரியமில வாயு 0.3. இதை முன்பே எழுதிவிட்டேன்.

எட்டு மணிக்கு எழுந்ததாக நினைத்தேன். கடிகாரம் ஆறரை.

07.15

கஞ்சி குடித்தேன். விரதத்தால் வந்த தலைவலி என்றால் குறைய வேண்டும். குறையவில்லை.

கஞ்சி குடிக்கும்போது இடது கையால் விசிறவில்லை. விசிறத் தேவைப்படவில்லை.

07.50

ஈக்கள் முகத்துக்கு வரவில்லை.

சாகவில்லை. பறக்கின்றன. விளக்கைச் சுற்றி, நாற்காலியைச் சுற்றி, ஒன்றுமில்லாத இடத்தில். என் அருகே வந்து, போய்விடுகின்றன. வாயைத் திறந்து ஊதிப் பார்த்தேன். ஒன்றும் திரும்பவில்லை.

மூச்சைத் தேடி வருபவை. இப்போது மூச்சு எந்தப் பக்கம் என்று அவற்றுக்குத் தெரியவில்லை. எல்லாப் பக்கமும் அதேதான் என்றால் தெரியாது.

நிதானமாக எழுதுகிறேன். வீடு முழுவதும் என் மூச்சு நிறைந்திருக்கிறது. மீட்டர் பொய் சொல்கிறது.

08.20

முக்காலியில் ஏறி மூடியின் இடுக்கில் விளக்கடித்துப் பார்த்தேன். கம்பிவலை தெரியவில்லை. கறுப்புக் கம்பளி போல ஈக்கள். இறந்தவை மேல் இறந்தவை. மீட்டர் உள்ளே அடைபட்ட பழைய காற்றை அளந்துகொண்டிருக்கிறது. அது 0.3. என்றைக்கும் 0.3. விசிறி அதை நம்பிக் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. விசிறியைக் கையால் முடுக்க வழி வைக்கவில்லை. வில்ஃபிரட்டிடம் அப்போதே கேட்டேன். தேவைப்படாது என்றார்.

மார்ச் 10 அன்று இந்தக் கம்பிவலையைச் சுற்றி ஏழு பேர் காவலிருந்தார்கள்.

08.40

செய்ய வேண்டியது: நான்கு திருகாணி, மூடி, பல் துலக்கும் பிரஷ். பத்து நிமிட வேலை.

துடைத்ததும் மீட்டர் உண்மை சொல்லும். விசிறி வேகமாகச் சுழலும். மணி அடிக்கும். வண்டி வரும். முதியோர் கூடம்.

ஜன்னலருகே உட்கார்ந்து பார்த்தேன். மேடு இருக்கிறது. நான் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது அங்கேதான் இருக்கும். பதினான்கு மாதங்களாக இது தோன்றவில்லை.

போகிறேன். முடிவு செய்துவிட்டேன். துடைப்பேன்.

08.55

ஒன்று. மணி அடித்தால் கேமரா திறக்கும். ஏழெட்டு ஆண்கள் திரையில் பார்ப்பார்கள். நான் நைட்டியில் இருக்கிறேன். தலை வாரவில்லை. கீழே கஞ்சிப் பாத்திரம். தரையெல்லாம் செத்த ஈ. அவசர பட்டனை அழுத்தினாலும் அதே கேமரா. வானொலியில் சொன்னாலும் அவர்கள் முதலில் செய்வது கேமராவைத் திறப்பதுதான்.

முதலில் பெருக்குவது. பிறகு உடை. பிறகு மீட்டர். அரை மணி நேரம் போதும். இரண்டு நாள் சுவாசித்த காற்று இன்னும் அரை மணியில் கொன்றுவிடாது.

09.50

பெருக்கினேன். நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தேன் போலும். துடைப்பம் மடியில் இருந்தது.

பாத்திரம் கழுவினேன்.

10.30

தலை வாரினேன். கொண்டை. ஊசி ஐந்து.

நீலச் சேலை. இங்கே சேலை தானாகக் கீழே விழாது, மிதந்து நிற்கும். ஓரத்தில் ஈயக் குண்டு தைத்திருக்கிறேன். அப்படியும் மடிப்புக்கு ஊக்கு வேண்டும்.

11.

கரியமில வாயு 0.3. நன்று.

இல்லை. நன்று அல்ல. எழுதிவைக்கிறேன், மறந்துவிடும்: மீட்டரை நம்பாதே. முக்காலி கூடத்தில் இருக்கிறது. பிரஷ் முக்காலி மேல்.

மடிப்பு ஆறு வர வேண்டும். ஐந்து வருகிறது.

11.4

மீட்டரைத் துடைத்துவிட்டேன். மணி அடிக்கவில்லை. ஏன்.

போய்ப் பார்த்தேன். மூடி மூடியபடியே இருக்கிறது. திருகாணி நான்கும். பிரஷ் காய்ந்திருக்கிறது. நான் துடைக்கவில்லை. துடைப்பதை நினைத்திருக்கிறேன்.

இப்போதே துடைக்கலாம். ஆனால் முந்தானை தோளில் இல்லை. இப்படி யாரும் பார்க்க

மடிப்பு ஐந்து. அவிழ்த்துக் கட்டினேன். நான்கு.

மணி தெரியவில்லை

உட்கார்ந்து மடிக்கிறேன். நின்றால் அறை சாய்கிறது. ஈக்கள் நீலத்தின் மேல் நடக்கின்றன. தட்டவில்லை.

ஆறு வந்தது. எண்ணினேன். ஆறு.

செருகும்போது நழுவி

அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து